ஊட்டாண்ட, லோக்கல், ஹவுசிங் போர்டு

சென்னையில் நான் காலேஜ் சேர்ந்த முதல் வாரம், ஹாஸ்டல் அறையில் ஒருத்தன் கேட்டான்: "மச்சி, நீ ராயபுரமா, காசிமேடா?" எனக்கு ரெண்டுமே எங்கே இருக்குன்னு தெரியாது. அரக்கோணம் பக்கத்துக் கிராமம் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. "அப்ப எப்புட்றா மெட்ராஸ் பாஷை பேசுற?" என்றான். அவன் தஞ்சாவூர்க்காரன். எனக்கு அன்றைக்குத்தான், நான் பேசுவது ஒரு 'பாஷை' என்றே தெரியும். அதுவரைக்கும் அது பேச்சு. எங்க அம்மா பேசுவது, ஆயா பேசுவது, ரேஷன் கடைக்காரர் பேசுவது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசச் சொல்வார்கள். "டேய், 'இஸ்துகினு' சொல்லு. 'குந்திகினு கீறான்' சொல்லு." நான் சொல்வேன், சிரிப்பார்கள். கெட்ட பசங்க இல்லை, இன்றைக்கும் நண்பர்கள்தான். ஆனால் ரெண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் என் வாயில் 'கீது' இருந்த இடத்தில் 'இருக்கு' வந்துவிட்டது. 'கினு' போய் 'கிட்டு' வந்தது. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தானாகவே போயிற்று. ஊருக்குப் போகும்போது மட்டும், அரக்கோணம் லோக்கலில் திருவள்ளூர் தாண்டினால் பழையது திரும்ப வரும்.

மெட்ராஸ் பாஷை பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளை அன்றிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சு. பத்துப் பதினைந்து சொற்களின் பட்டியல் இருக்கும்: நாஸ்தா, பேஜார், கலீஜ், உஷார், குஜால், தௌலத்து. இது உருது, இது தெலுங்கு, இது இங்கிலீஷ் என்று எதிரே விளக்கம். கடைசியில், எத்தனை மொழிகளை உண்டு வளர்ந்த நகரம் என்று ஒரு பெருமூச்சு. நடுவில் ஏதாவது ஒரு சொல்லுக்கு வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் கண்டிப்பாக வருவார். அவர் ஏதோ சொல்ல, நம்ம ஆள் அதைத் தப்பாகக் காதில் வாங்க, ஒரு புதுச்சொல் பிறந்துவிடும். இந்தத் துரைக்கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை.

பட்டியல் தப்பு என்று சொல்ல வரவில்லை. உருதுச் சொற்கள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறிய ஊர் இது. திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் உருது வீட்டுமொழியாக இன்றும் இருக்கிறது. 'நைனா' தெலுங்கு, துறைமுக வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்களோடு வந்தது. ரொம்பக் கேவலமான வசைச்சொல் என்று எல்லோரும் நினைக்கிற 'கஸ்மாலம்' சமஸ்கிருதம். பகவத் கீதை ரெண்டாம் அத்தியாயத்தின் ஆரம்பத்தில், இந்த நேரத்தில் உனக்கு இது எங்கேயிருந்து வந்தது என்று கண்ணன் அர்ச்சுனனைக் கேட்கிறானே, அந்த 'இது' கஸ்மலம்தான். மனத்தின் அழுக்கு, கலக்கம். மீன் மார்க்கெட்டில் கேட்டால் அருவருப்பு, கீதை வகுப்பில் கேட்டால் பக்தி. சரி, அதை விடுங்கள்.

பட்டியல்காரர்கள் தவறவிடுவது வேறு. ஒரு பேச்சை அடையாளம் காட்டுவது அதன் கடன்சொற்கள் இல்லை, அதன் எலும்பு. வினை எப்படி முடிகிறது, வேற்றுமை எப்படி ஏறுகிறது என்பது. 'நாஸ்தா துன்னுகினு கீறான்' என்ற வாக்கியத்தில் எல்லோரும் 'நாஸ்தா'வைப் பார்க்கிறார்கள். எனக்கு 'துன்னுகினு கீறான்'தான் விஷயம். அதில் உருது இல்லை, தெலுங்கு இல்லை, துரை இல்லை. 'தின்றுகொண்டு இருக்கிறான்' என்பதன் தேய்ந்த வடிவம். அது சென்னையில் பிறந்ததும் இல்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம், அரக்கோணம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கம், எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களிடம்கூட இதைக் கேட்கலாம். தொண்டைமண்டலத்துத் தமிழ் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

'கொண்டு' என்ற துணைவினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுத்தமிழில் அது இடத்துக்கு இடம், சாதிக்குச் சாதி தேய்ந்திருக்கிறது. 'வந்துகிட்டு' என்றால் பொதுப்பேச்சு, டிவியில் வரும். 'வந்துண்டு' என்றால் பிராமண வீட்டுப் பேச்சு, நாடகத்தில் வந்தால் ஒரு நாசூக்கு. 'வந்துகினு' என்றால் ரிக்‌ஷாக்காரன். மூன்றும் ஒரே 'கொண்டு'. 'ண்டு'வில் 'கொ' விழுந்தது, 'கினு'வில் 'ண்டு' நைந்து 'னு' ஆயிற்று. தேய்மானத்தில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. ஒன்று வீட்டின் கூடத்தில் உட்கார்கிறது, இன்னொன்று வாசல்படியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ழகரத்தையும் பாருங்கள். மதுரைக்காரர் 'வாளப்பளம்' என்றால் மண்மணம். ராயபுரத்துக்காரர் 'வாயப்பயம்' என்றால் சேரி. ரெண்டு பேர் வாயிலும் ழ இல்லை. ஒருத்தரிடம் ள, ஒருத்தரிடம் ய. ழகரத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்த ரெண்டையும் ஒரே தராசில் வைத்து நான் பார்த்ததில்லை.

பெயரிலேயே வித்தியாசம் இருக்கிறது. நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், குமரித் தமிழ் எல்லாம் தமிழ். இங்கே மட்டும் 'பாஷை'. இப்போது 'சென்னைத் தமிழ்' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் வாயில் வருவது பாஷைதான். ஊமை பாஷை, திருட்டு பாஷை மாதிரி. கரிசல் சீமைக்கு கி. ராஜநாராயணன் சொல்லகராதி போட்டார். கொங்குக்குப் பெருமாள்முருகன் போட்டார். வட்டார வழக்கு என்றால் மதிக்கப்பட வேண்டிய விஷயம் என்ற எண்ணம் அந்த மாதிரி உழைப்பால்தான் வந்தது. அந்த மதிப்பில் கால்வாசி கூடத் தலைநகரத்துப் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. கிராமத்தான் கொச்சையாகப் பேசினால் அது நிலத்தின் மொழி. நகரத்து ஏழை பேசினால் மொழியின் கேடு.

ஏன் இப்படி ஆயிற்று? என் கணிப்பு இது. 1639-ல் கம்பெனிக்காரர்களுக்கு மதராசப்பட்டினம் கிடைத்தபோது சுற்றிலும் இருந்தவை தொண்டைமண்டலத்துக் கிராமங்கள். திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், மயிலாப்பூர் எல்லாம் ஊர்கள். அந்த ஊர்களின் உழவர்கள், மீனவர்கள், கூலிகள், சுற்று மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இவர்கள்தான் நகரத்தின் கையும் காலும். மேலே வந்து உட்கார்ந்த வக்கீல், குமாஸ்தா, வாத்தியார், பத்திரிகைக்காரர், சினிமாக்காரர் பெரும்பாலும் காவிரிப் பக்கமிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள். எழுதும் கை அவர்களுடையது. அதனால் அவர்கள் ஊர்ப்பேச்சு இலக்கியத்தில் ஏறியது. பாரம் இழுத்தவன் பேச்சு நகைச்சுவைக் காட்சியில் ஏறியது. மண்ணின் பேச்சு கீழ்த்தட்டின் பேச்சாக மாறியதற்கு இலக்கணம் காரணம் இல்லை. யார் வண்டியில் உட்கார்ந்தார்கள், யார் இழுத்தார்கள் என்பதுதான் காரணம்.

சினிமாவில் அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா' (1958) படத்தில் சந்திரபாபுவுக்கு ரெட்டை வேடம். ஒன்று சிவாஜியின் நண்பன், இன்னொன்று ரிக்‌ஷாக்காரன். ஒரே முகம், ஒரே உடம்பு. வர்க்கத்தைக் காட்ட இருப்பது உடுப்பும் நாக்கும்தான். சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். இருந்தும் காது கூர்மை, அந்தப் பேச்சின் தாளத்தை அப்படியே பிடித்திருக்கிறார். நான் அதை ரசிக்கிறேன், பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு இந்தப் பேச்சு ஒரு வேஷமாகிவிட்டது. நன்றாகப் பேசத் தெரிந்த நடிகர் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கழற்றலாம். அப்படியே மாட்டிக்கொண்டவர் லூஸ் மோகன். அவருக்கு அதைக் கழற்ற யாரும் வாய்ப்பே கொடுக்கவில்லை.

வேஷமா, வாழ்க்கையா என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை ரொம்ப எளிமை: படத்தில் அவனுடைய அம்மா அப்படிப் பேசுகிறாளா?

'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) படத்தை எடுங்கள். இந்தி 'முன்னாபாய்' படத்தின் ரீமேக். அங்கே பம்பாய் ரவுடியின் டப்போரி இந்தி, இங்கே அதன் இடத்தில் மெட்ராஸ் பாஷை. கமலுக்கு அது தண்ணி பட்ட பாடு, கிரேசி மோகன் வசனம் வேறு. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவன் அப்பா நாகேஷ் அந்தத் தமிழ் பேசுவதில்லை. ஊரில் கௌரவமாக இருக்கிற மனுஷர். அப்படியென்றால் மகனுக்கு இது எங்கே வந்தது? தொழிலோடு வந்தது. ரவுடித்தனத்தோடு சேர்த்து மாட்டிக்கொண்ட சீருடை. அந்தப் பேச்சைத் தாய்ப்பாலோடு கற்ற லட்சக்கணக்கானவர்கள் இருக்கிற ஊரில், அதைக் கெட்டுப்போனால் வரும் பழக்கமாகக் காட்டியது அந்தப் படம். அதைத் திட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே பல வருஷம் ஆயிற்று. தியேட்டரில் நானும் கைதட்டினவன்தான்.

ஜெயகாந்தனை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. 'சினிமாவுக்குப் போன சித்தாளு' மாதிரிக் கதைகளில் அவர் சேரிப்பேச்சை எழுதினார். கிண்டலுக்கு இல்லாமல், காது கொடுத்து எழுதினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாத்திரங்கள் பேசி முடித்ததும் கதைசொல்லியின் செந்தமிழ் மேலேறி நின்று தீர்ப்புச் சொல்லும். அந்தப் பேச்சில் துக்கப்படலாம், சண்டை போடலாம், காதலிக்கலாம். சிந்திக்க மட்டும் எழுத்துத்தமிழ் வேண்டும்.

சிந்திக்க விட்டது பா. ரஞ்சித். 'மெட்ராஸ்' (2014) படத்துக் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான், குடியிருப்பது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். அவன் அம்மாவும் அப்படித்தான் பேசுகிறாள், அரசியலும் அந்தத் தமிழிலேயே நடக்கிறது. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியார் பாடம் சொல்வது, பாக்கியம் மகனை வெளுப்பது, மாரியம்மா புருஷனைக் கேள்வி கேட்பது எல்லாம் அதே பேச்சில்தான். யாரும் சிரிப்பு மூட்டுவதற்காக அதைப் பேசவில்லை. சிரிப்பு வந்தால் அது அவர்கள் சொன்ன விஷயத்துக்காக வரும். எனக்கு ஒரு குறை உண்டு: 'மெட்ராஸ்' படத்தின் உலகம் குடியிருப்புதான், அலுவலகம் இல்லை. காளி ஐ.டி. கேண்டீனில் என்ன தமிழ் பேசுகிறான் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. என் அனுபவத்தில், நாக்கு புரளுகிற இடம் அதுதான்.

இப்போது சென்னையில் ஆளை அளக்க 'கினு' தேவையில்லை. அதைவிடச் சின்னச் சொற்கள் வந்துவிட்டன. 'லோக்கல்' அதில் முதல். இங்கிலீஷில் அதற்கு 'இந்த ஊர்' என்றுதான் அர்த்தம். சென்னையில் "சரியான லோக்கல் பார்ட்டி" என்றால் தரங்கெட்டவன். இந்த ஊர்க்காரன் என்று சொல்வதே வசையாக இருக்கிற ஊர்! 'மாரி' (2015) வந்தபோது 'தர லோக்கல்' என்று அதைப் பெருமையாகத் திருப்பிப் போட்டார்கள். அபார்ட்மெண்ட் பசங்களும் பாடினார்கள். பாடிவிட்டு லிஃப்ட்டில் ஏறிப்போனார்கள்.

'புள்ளிங்கோ' கதையும் அதுதான். புள்ளைங்க என்பதன் வடசென்னை உச்சரிப்பு, நம்ம பசங்க என்று ஒட்டுறவாகச் சொல்வது. கானாவில் பரவி மீம்ஸில் வந்ததும் கலர் அடித்த தலைமுடி, ஒரே பைக்கில் மூன்று பேர், போலீஸ் செக்கிங் என்று படம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முடிவெட்டு சரியில்லாத பையனை வாத்தியாரே 'என்னடா புள்ளிங்கோவா?' என்று கேட்கிற அளவுக்கு வந்தாயிற்று.

அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. இங்கிலீஷ் பேசுகிறவன் 'பீட்டர்'. வெயில் படாதவன் 'அமுல் பேபி'. சண்டைக்கு நிற்காதவன் 'தயிர்சாதம்'. பகட்டுக்காரன் 'சீன் பார்ட்டி'. எல்லாம் கூர்மையான சொற்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 'பீட்டர்' என்று பேர் வாங்கியவனுக்கு வேலை போகாது, வாடகை வீடு மறுக்கப்படாது. 'ஹவுசிங் போர்டு' என்று பேர் வாங்கினால் ரெண்டும் நடக்கும்.

அந்தச் சொல்லுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஆரம்பித்தது. முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். பிற்பாடு ஆட்களையே ஊருக்கு வெளியே மாற்றினார்கள். 2000 வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைக்காரர்கள் கூட்டங்கூட்டமாகப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். வாய்ப்பேச்சில் இன்னும் ஹவுசிங் போர்டுதான். உண்மையில் ஹவுசிங் போர்டு, அதாவது வீட்டுவசதி வாரியம், வேறு. அண்ணா நகரையும் கே.கே. நகரையும் மனை போட்டுக் கொடுத்தது அதுதான். ஆனால் அண்ணா நகர்க்காரரை யாரும் 'ஹவுசிங் போர்டு ஆளு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கண்ணகி நகர் முகவரி போட்டால் வேலை கிடைக்காது என்று அங்கிருப்பவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். 2025-ல் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகாவைத் தமிழ்நாடு முழுக்க 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று கூப்பிட்டபோது, ஊர்ப்பேர் முன்னால் வந்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

நான் இருப்பது ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மெண்ட். பால்கனியில் நின்றால் பெரும்பாக்கத்து மாடிகள் தெரியும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கிருந்து வருகிறார்கள். போன வருஷம் பார்க்கிங்கில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருத்தர் எழுதினார்: "ஹவுசிங் போர்டு ஆளுங்களை உள்ளே விட்டா இப்படித்தான்." பதினாறு பேர் கட்டைவிரல் போட்டார்கள். நான் எண்ணினேன், கட்டைவிரல் போடவில்லை, மறுத்தும் எழுதவில்லை. ரெண்டு நாள் கழித்துச் சைக்கிள் பி பிளாக் மாடிப்படிக்குக் கீழே கிடைத்தது, யார் வீட்டுப் பையனோ ஓட்டிப்பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறான். குரூப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்தப் பொங்கலுக்கு அம்மா வந்து பத்து நாள் இருந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா சிந்தாதிரிப்பேட்டையில் ஆத்தங்கரையில் பிறந்து வளர்ந்தவர், வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர். என்னிடம் அவர் அளந்து பேசுவார். அம்மாவிடம் முதல் நாளே ஒட்டிக்கொண்டார். சமையலறையில் ரெண்டு பேரும் குந்திகினு பேசுவது எனக்கு அறையில் கேட்கும். எது யார் குரல் என்று பல சமயம் பிரிக்க முடியவில்லை. 'ஊட்டாண்ட' என்ற சொல்லை பல வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள்ளேயே கேட்டேன். வீட்டு அண்டை. அண்டை என்றால் பக்கம். அண்டை வீடு, அண்டை அயல் என்று நாம் எழுதுகிற அதே அண்டை. அதைப் பக்கத்தில் வராதே என்று சொல்வதற்கான அடையாளமாக வைத்திருக்கிறோம்.

அம்மா கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் லிஃப்ட்டில் கீழே போய்க்கொண்டிருந்தோம். அம்மா என்னிடம், "செருப்பு அந்தாண்ட கீது, மாத்தி போட்டுகினு வன்ட்டன் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாவது மாடி அம்மையார் உள்ளே இருந்தார். நல்லவர்தான், தீபாவளிக்கு இனிப்பு அனுப்புவார். லிஃப்ட் கதவு திறந்ததும் என்னைத் தனியாக நிறுத்தி மெதுவாகக் கேட்டார்: "புதுசா ஆள் வெச்சிருக்கீங்களா சார்? எங்க வீட்டுக்கும் காலைல ஒரு மணி நேரம் வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"எங்கம்மா மேடம்" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "ஐயோ, சாரி சார். பேச்சை வெச்சு நெனச்சுட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன். என் வாயில் அதுவும் சுத்தமான பொதுத்தமிழில்தான் வந்தது.

அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அந்தம்மா இன்னா கேட்டுச்சு?" என்றாள்.

"எந்த ஊருன்னு கேட்டாங்கம்மா."

"அரக்கோணத்தாண்டன்னு சொன்னியா?"

சொன்னேன் என்றேன்.